போன் அக்காவும் உலகப் படங்களும்

படத்தின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறவர்களை ஊரைவிட்டுத் தள்ளிவைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என் பேச்சை யாராவது கேட்டு நடந்திருந்தால் முதலில் மூட்டை கட்டியிருக்க வேண்டியவர் போன் அக்கா.

திருப்பூரில் மண்ணரைப் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அப்போது நான் மெர்ச்சன்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அக்கா கீழே, வருகைப் பதிவு எழுதுகிற டைம் ஆபீஸில் இருந்தார். எல்லார் கையிலும் செல்போன் வந்திராத காலம். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று மூன்று மாடியில் முன்னூறு பேர் வேலை செய்தோம். அத்தனை பேருக்கும் ஊரிலிருந்து வருகிற போன் அவர் மேஜையில்தான் வந்து அடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும், எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

திருநெல்வேலிக்கும் கடலுக்கும் நடுவில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவர். இத்தனை வருஷம் கொங்குநாட்டுத் தண்ணியைக் குடித்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கணீர்க் குரல். மைக் இல்லாமலே மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

மற்ற கம்பெனிகளில் "செல்வி, போன்!" என்று கத்துவார்கள். செல்வி அடித்துப் பிடித்து ஓடுவாள். ஊரில் யாருக்கு என்னவோ என்று படியிறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். அக்கா அப்படிக் கூப்பிடவே மாட்டார். போன் செய்தவரிடம் என்ன சேதி என்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொடுவார். "கட்டிங் செக்‌ஷன் செல்வி, ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காவ. தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்துருக்காவளாம். மெதுவா இறங்கி வா." செல்வி இறங்கி வருவதற்குள் கம்பெனி முழுக்க மாப்பிள்ளை என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டிருக்கும்.

கெட்ட சேதி என்றால் மைக்கில் சொல்ல மாட்டார். தானே படியேறிப் போய், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, தோளில் கை வைத்து, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். சீரியஸ், உடனே கிளம்பு என்கிற பூசி மெழுகல் எல்லாம் கிடையாது. இதில் ஒரு சங்கடம் வந்தது. அக்கா படியேறினால் யாருக்கோ சாவு என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் தலை தெரிந்தாலே வரிசை வரிசையாக மெஷின் நிற்கும். இதை அக்கா கவனித்திருக்கிறார். அதற்கப்புறம் தினமும் காலையில் பதினோரு மணிக்கு ஒரு வேலையும் இல்லாமல் மூன்று மாடியும் ஏறி இறங்க ஆரம்பித்தார். மூட்டுவலியோடு. எதற்கு இந்த நடை என்று கேட்டேன். "சும்மா ஏறுனாத்தான் தம்பி, ஏறுறதப் பாத்து யாரும் பயப்பட மாட்டாவ" என்றார்.

எனக்குக் குழந்தை பிறந்தபோது நான் ஷிப்மென்ட் நெருக்கடியில் பேக்கிங்கில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஸ்பீக்கர் பேசியது. "மெர்ச்சன்டைசர் தம்பி, பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லா இருக்காவ. இப்ப போனுக்கு வாங்க." நான் போனை எடுப்பதற்குள் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர்கள் கை கொடுத்துவிட்டார்கள். வாழ்க்கையில் ஒருவனுக்கு ஒருமுறை கிடைக்கிற படபடப்பு, அதையும் இந்த அம்மாள் பிடுங்கிக்கொண்டதே என்று அன்றைக்கு எனக்கு வருத்தம்தான்.

இப்படிப்பட்டவரை நான்தான் சினிமாவுக்குள் கொண்டுவந்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

ஊரில் சினிமாப் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்து உலகத் திரைப்பட விழா ஒன்று தொடங்கினோம். கோயமுத்தூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும்தான் பார்ப்பார்களா, உலகத்துக்கே சட்டை தைக்கிற ஊர் அந்த உலகத்தின் கதையைப் பார்க்கக் கூடாதா என்று எனக்கு ஒரு வீராப்பு. கூரியரில் டிவிடி வந்தது. புரொஜெக்டர் இரவல். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபமெல்லாம் சும்மா பூட்டிக் கிடக்கும். ஒரு மண்டபத்துக்காரரைப் பிடித்து ஆடியின் நாலு ஞாயிற்றுக்கிழமைகளையும் வாங்கிக்கொண்டோம்.

திரைக்குத் துணி வேண்டும். துணிக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? எக்ஸ்போர்ட் குவாலிட்டி பனியன் துணி, பால் மாதிரி வெள்ளை, சுருக்கமே இல்லாமல் தைத்து மேடையில் தொங்கவிட்டோம். பனியன் துணி தன் எடைக்கே இழுத்துக்கொண்டு தொங்கும், ஓரம் சுருட்டிக்கொள்ளும் என்பது இந்த ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். அதிலேயே பிறந்து அதிலேயே சோறு தின்கிற நாலு பேருக்கு மட்டும் அன்று தோன்றவில்லை. படம் ஓட ஓடத் திரை கீழே இறங்கியது. கதாநாயகியின் தாடையும் கூடவே இறங்கியது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எங்கள் திரையில் ஒரு நாட்டின் மலைகளே அலையடித்தன.

"ஏனுங்க, அந்த நாட்டுச் சனங்களுக்கு மூஞ்சியே இப்படித்தானுங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"துணி இழுத்துட்டு. இடைவேளைக்குள்ள தரையத் தொட்டுரும் பாரு" என்றது அக்காவின் குரல். அப்படியே நடந்தது. மறு வருஷம் சோமனூரிலிருந்து இழுக்காத தறித்துணி வாங்கித் தைத்தோம்.

அந்த முதல் வருஷத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. படத்துக்குக் கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தை எங்கள் தையல்காரர்கள் யார் படிப்பது? ஒவ்வொருவராக எழுந்து வாசலில் பொரிக்கடைக்குப் போனார்கள். ஓர் ஓரத்தில் மட்டும் நாற்காலிகள் கூடின. எட்டிப் பார்த்தால் நடுவில் அக்கா. சர்ச்சில் ஆராதனை முடிந்து பைபிள் பையோடு நேராக வந்தவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்து அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நானே மைக்கைக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு படத்தையும் முதல்நாளே போட்டுப் பார்த்துவிட்டு வந்து, திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தமிழில் சொல்வார். கூட்டம் பெருகியது. வாசலில் பொரிக்காரர் ஈயோட்டினார்.

ஆனால் படம் தொடங்குமுன் அக்கா எழுந்து நிற்பார். "இந்தப் படத்துல ஒரு மாடு வரும். சாகுற மாதிரி இருக்கும், ஆனா சாகாது. நிம்மதியாப் பாருங்க." இன்னொரு நாள், "இதுல வர்ற பொண்ணு கடைசியில செத்துரும். இப்பமே அழணும்னா அழுதுக்கிடுங்க. பொறவு படத்தைப் பாப்போம்." நிஜமாகவே சில பேர் மூக்கைச் சிந்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். நான் புரொஜெக்டருக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொள்வேன்.

மூன்றாம் வருஷம் ஒரு டைரக்டர் வர ஒப்புக்கொண்டார். தமிழ்ப் படம், வெளிநாட்டு விழாக்களைச் சுற்றி வந்தது. போர்வெல் வண்டியில் வடநாட்டுக்குப் போன புருஷனிடமிருந்து தகவலே இல்லை, பெண்டாட்டி காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. வருவானா மாட்டானா என்பதில்தான் மொத்தப் படமும் நிற்கிறது, யாரும் எதையும் முன்னால் பேசக் கூடாது என்று டைரக்டர் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

நான் அக்காவிடம் போனேன். "அக்கா, இந்தப் படத்துக்கு மட்டும் வேண்டாங்க. முடிவு தெரியாம தவிக்கிறதுதாங்க கதையே. தவிப்பில்லாம என்னங்க சினிமா?"

அக்கா பதிலுக்கு ஒரு பழைய கதை சொன்னார். புருஷனோடு இங்கே பிழைக்க வந்த புதிதில், வேறொரு கம்பெனியில், ஊரிலிருந்து போன் என்று ஒருத்தர் வந்து சொன்னாராம். என்ன என்று கேட்டதற்கு, உடனே வரச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். விடிந்ததும் பஸ் ஏறி, அப்பாவா, அம்மாவா, ஊரில் விட்டு வந்த கைக்குழந்தையா என்று தெரியாமல் பகல் முழுக்க உட்கார்ந்து போயிருக்கிறார்.

"அப்பாதான். அவுகளுக்கு நான் அழுது தீத்துட்டேன் தம்பி. அந்த பஸ்ஸ விட்டுத்தான் இன்னும் இறங்கல" என்றார். பிறகு, "சரி, ஒங்க படம். நான் வாயத் தொறக்கல" என்றார்.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் மைக்கை வாங்கி என் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டேன். நம்பிக்கை வேறு, ஜாக்கிரதை வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே சாரல். பெருமாநல்லூர்ப் பக்கத்து ஆட்களைக் கூட்டிவர ஒரு வேன் ஏற்பாடு செய்திருந்தோம். என் மாமனார் ஊர் அந்த வழிதான். அங்கே போயிருந்த என் வீட்டுக்காரியும் நாலு வயது மகளும் அதே வேனில் வருவதாகப் பேச்சு. அக்காவின் மகளும் சிநேகிதி வீட்டிலிருந்து அதில்தான் வர வேண்டும். முன்வரிசை இரண்டையும் அவர்களுக்காகக் கைக்குட்டை போட்டுப் பிடித்து வைத்திருந்தோம். மூன்று மணி ஆயிற்று. மழையில் மெதுவாக வருவார்கள் என்று சொல்லிக்கொண்டு படத்தைப் போட்டுவிட்டேன். திரையில் அந்தப் பெண் வாசலைப் பார்க்கும்போதெல்லாம் நானும் மண்டபத்து வாசலைப் பார்த்தேன். முன்வரிசை காலியாகவே கிடந்தது. அக்காவையும் காணவில்லை.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். பளிச்சென்று டியூப்லைட்டெல்லாம் எரிந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் அக்கா, கையில் ஒரு துண்டுக் காகிதம். நேராக என்னை நோக்கி வந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. பாவி, அடக்கமாட்டாமல் முடிவைச் சொல்ல வந்துவிட்டதே என்று நினைத்து, மைக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். "அக்கா, வேண்டாங்க!" டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

அக்கா என்னோடு மல்லுக்கட்டவில்லை. அப்படியே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பெருமாநல்லூர் வண்டியில வந்த இருவத்திரெண்டு பேரும் உசுரோட நல்லா இருக்காவ. யாருக்கும் உசுருக்கு ஆபத்து இல்ல. மொதல்ல அதக் கேட்டுக்கிடுங்க." இரண்டு மூச்சு விட்டார். "வண்டி வழியில கவுந்துட்டு. இப்ப ஒவ்வொருத்தரா சொல்லுதேன்."

கவிழ்ந்துவிட்டது என்ற சொல் காதில் விழும்போது, நல்லா இருக்காவ என்ற சொல் ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. அந்த வரிசையை மட்டும் அவர் மாற்றிச் சொல்லியிருந்தால், அந்த ஒரு நொடியில் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

காகிதத்தைப் பார்த்து வாசித்தார். இன்னாருக்குத் தோள்பட்டை எலும்பு, இன்னாருக்குக் காலில் தையல், ஐந்து பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள், இன்ன ஆஸ்பத்திரி. "மெர்ச்சன்டைசர் தம்பி வீட்டம்மா, முழங்கையில தோல் உரிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. பாப்பா நெத்தியில சின்னதா வீக்கம். பிஸ்கட் தின்னுட்டு இருக்கா." ஒன்பதாவதாக ஒரு பெயர் வந்தது. கன்னத்தில் சிராய்ப்பு என்று வாசித்துவிட்டுப் பத்தாவதுக்குப் போனார். அது அவர் மகள். குரலில் ஒரு இழை பிசகவில்லை.

அடிபட்ட சொந்தக்காரர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களை அங்கேயே ஆட்டோ பிடித்து அனுப்பினார். நானும் எழுந்தேன். "எங்க போறீய? அவுகள வேற வண்டியில ஏத்தியாச்சு, இங்கனதான் வாறாவ. எதிரும் புதிருமாப் போயிராதீங்க" என்று என்னை உட்கார வைத்தார். மைக் இன்னும் என் நெஞ்சோடுதான் இருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாள்தான் மண்டபத்து வாட்ச்மேன் மீதியைச் சொன்னார். வேனில் வந்த யாரோ விழா நோட்டீஸைக் கொடுக்க, அதிலிருந்த மண்டபத்து நம்பருக்கு ரோட்டோர டீக்கடைக்காரர் போன் செய்திருக்கிறார். வண்டி கவிழ்ந்துவிட்டது, நிறையப் பேருக்கு அடி என்று. வேன் வராத கவலையில் மண்டபத்து ஆபீஸ் ரூமில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காதான் அதை எடுத்திருக்கிறார்.

"நெறையப் பேருன்னா எத்தன பேருன்னு அந்தம்மா கேட்டுதுங்க. தெரியாதுன்னாராட்ட இருக்குது. போயி எண்ணிட்டு வாங்க அண்ணாச்சி, நான் லைன்லயே இருக்கேன்னு சொல்லுச்சுங்க. அவரு மூணு தடவை போயிட்டுப் போயிட்டு வந்தாரு. ஒவ்வொருத்தர் பேரு, எங்க அடி, எல்லாம் எழுதற வரைக்கும் ரூமை விட்டு வெளியவே வரலீங்க. கா மணி நேரத்துக்கு மேல இருக்குமுங்க. நான் தண்ணி கொடுத்தேன். டம்ளரைத் தொடாம, அவரு எண்ணிட்டு வர்ற வரைக்கும் காயிதத்துல ஒண்ணு ரெண்டுன்னு நம்பரா எழுதிட்டே இருந்துச்சுங்க."

உள்ளே இருநூறு பேர் படம் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரமும் அவர் மறுபடியும் அந்தப் பழைய பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். எங்களில் ஒருத்தரையும் அதில் ஏற்றக் கூடாது என்று தனியாக உட்கார்ந்திருக்கிறார். முடிவை முதலில் சொல்வதென்றால் யாராவது ஒருவர் முன்னாலேயே போய் அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது, இத்தனை படம் பார்த்த என் மண்டையில் அதுவரை ஏறவில்லை.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்கள் போனபின் மீதிப் பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். படத்தைத் தொடர்வதா, மூட்டை கட்டுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எங்கள் செக்கிங் செக்‌ஷன்தான்.

"ஏனுங்கக்கா, இந்தப் படத்துல அந்தப் போர்வெல் வண்டிக்காரரு வந்துருவாருங்களா? இன்னைக்கு இன்னொருத்தருக்கும் சேத்திக் காத்திருக்க நமக்குத் தெம்பில்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை முகமும் அக்காவைப் பார்த்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் மைக்கை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துருக்கேன் தாயி. படம் எடுத்தவுக இந்தா நிக்காவ. அவுககிட்டயே கேளு."

டைரக்டர் வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"வந்துருவாருங்க" என்றார். அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "கடைசிச் சீன்ல, மழையில, நடந்தே வந்துருவாரு. உடம்புக்கு ஒண்ணும் இருக்காது" என்றார்.

மண்டபம் முழுக்க மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. யாரோ விளக்கை அணைத்தார்கள். விட்ட இடத்திலிருந்து படம் ஓடியது. திரையில் அந்தப் பெண் மறுபடி வாசலுக்கு வந்து நின்றாள். வந்துவிடுவான் என்று தெரிந்த பிறகும் ஜனங்கள் அழுதார்கள். பின்னால் வேறு ஊர்களில் அந்தப் படத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், அந்த அளவு அழுத கூட்டத்தைப் பார்த்ததில்லை.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக இருட்டில் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்காவின் மகள் போய்த் தாயின் தோளில் சாய்ந்தாள். அக்கா அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கவே இல்லை.

என் வீட்டுக்காரி தலையெல்லாம் சேறும் முழங்கையில் கட்டுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் பிஸ்கட் பொட்டலத்தோடு என் மடியில் ஏறினாள். வீட்டுக்காரி திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னங்க கதை?"

"அவ புருசன் வந்துருவான்" என்றேன்.

"அப்படீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செரி, இப்பச் சொல்லுங்க."